அனுமன் சிந்திய மலையில் ஒரு தற்செயல்

“வடே… வடே… உளுந்து வடே… இஸ்ஸோ வடே…”

போன வாரம், ஒரு மாலை நேரம். வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருக்கிற என் பல்கனியில் அக்காவும் நானும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். காலி நகரப் பக்கம் போகிற ரயில் ஊர்ந்து வந்தது. அதன் வயிற்றுக்குள்ளிருந்து இந்தக் குரல். கூடவே பொரித்த இறாலும் — சிங்களத்தில் இஸ்ஸோ — பழைய எண்ணெயும் உப்புக்காற்றும் கலந்த வாசனை…

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். நான் சிரித்தேன்.

“சிரிச்சியெண்டால் மிச்சத் தேத்தண்ணி உன்ர தலையிலதான்,” என்றாள்.

ரயில் போய்விட்டது. சிரிப்புப் போகவில்லை. ஆகவே இந்த வாரப் பத்தியில் அந்தக் கதை. அக்காவிடம் அனுமதி கேட்டேனா? கேட்டேன். பேரைப் போடாதே என்றாள். போடவில்லை. அக்கா என்றுதான் எழுதுகிறேன் — வெள்ளவத்தையில் யாருக்குத்தான் ஓர் அக்கா இல்லை?

அக்காவுக்கு ஒரே மகள். அவளைத் துஷி என்று வைத்துக்கொள்வோம். குவான்டிட்டி சர்வேயர். கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து போகும், எவ்வளவு கம்பி போகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அவளை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பதுதான் அக்காவுக்குப் பல வருடமாகப் பிடிபடாத கணக்கு.

இங்கே நம்முடைய ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தைக்காரர் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். உங்களுக்கு இது மனப்பாடம்.

வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பது என்பது இப்போது எங்களுக்குள் இல்லை. ஃபிளாட் வாழ்க்கை. மாப்பிள்ளை வீட்டார் லிஃப்டில் ஏறும்போதே நான்காம் மாடிக்குத் தெரிந்துவிடும். சரிவரவில்லையென்றால், இறங்குவதற்குள் எட்டாம் மாடிக்கும் தெரிந்துவிடும். ஆகவே நாங்கள் தற்செயலைக் கண்டுபிடித்தோம்.

புரோக்கர் இரண்டு பகுதிக்கும் ஓர் இடத்தையும் நேரத்தையும் சொல்வார். பெரும்பாலும் கோயில். இவர்கள் இந்தப் பக்கமாக வீதி சுற்றுவார்கள். அவர்கள் அந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள். வசந்த மண்டபத்துக்குக் கிட்ட, என்ன அதிசயம், இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று கண்டு புன்னகைக்கும். இன்றைக்குச் சனம் குறைவு என்பார்கள். வெக்கை என்பார்கள். யாரும் யாருடைய பெயரையும் கேட்கக் கூடாது. எதற்காக வந்தோம் என்று மூச்சும் விடக் கூடாது. பிடித்திருந்தால் புரோக்கரிடம் சொல்லலாம். பிடிக்கவில்லையா? அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை. யாரும் யாரையும் நிராகரிக்கவில்லை. வெக்கைதான் நிஜம்.

துஷி இப்படிப் பல கோயில்களில் தற்செயலாக இருந்திருக்கிறாள். காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் தற்செயலாக இருந்திருக்கிறாள். ஒரு பிறந்தநாள் விழாவில்கூட… கேக் வெட்டிய பிள்ளை யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. பரிசு கொடுத்தோம், ரோல்ஸ் சாப்பிட்டோம், வந்துவிட்டோம்.

ஒருநாள் அவள் கையை விரித்துவிட்டாள். இன்னும் ஒரேயொரு தற்செயலுக்கு மட்டும் வருவாளாம். அது சரிவராவிட்டால் அக்கா இனி வாழ்நாளில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம். ஆள் தேடக் கூடாது, புரோக்கரைக் கூப்பிடக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. பெருமூச்சையும் சேர்த்துச் சொன்னாள். அக்கா மறுக்க, துஷி பிடிவாதம் பிடிக்க, கடைசியில் சாமியறையில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று அக்கா சத்தியம் செய்தாள். நான்தான் சாட்சி.

அக்கா பொய் சொல்வாள். எங்கள் குடும்பத்தில் அது ஒரு கலை. ஆனால் பிள்ளையார் சத்தியத்தை மட்டும் மீறமாட்டாள். ஆகவே அந்தக் கடைசித் தற்செயலில் அவளுடைய முழு உயிரும் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை மெல்பேர்ணில் இருந்து லீவில் வந்தவர். கோயில் வேண்டாம், இயற்கையான இடமாக வேண்டும் என்றாராம். புரோக்கர் காலிக்குப் பக்கத்தில் ருமஸ்ஸல மலையைச் சொன்னார். சனிக்கிழமை காலை. மலைமேல் இருக்கிற வெள்ளைப் புத்த தாதுகோபத்துக்குக் கிட்ட. அக்காவின் போனுக்கும் துஷியின் போனுக்கும் அவருடைய படம் வந்தது. நீலச் சேர்ட், கண்ணாடி, பின்னால் கடல், முகத்தில் பாதி நிழல்.

அத்தான், அக்கா, துஷி, நான். ரயிலில் போனோம். என்னை ஏன் கூட்டிப் போனார்கள்? பேச்சைத் தொடங்கி வைக்க ஓர் ஆள் வேண்டுமாம். “உனக்குத்தானே ஒண்டுமில்லாததைப் பற்றி ஒரு பக்கம் எழுத வரும்,” என்றாள் அக்கா. நீங்களும் வாரா வாரம் அதற்குச் சாட்சி.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எங்கள் குடும்பம் — இரண்டுக்கும் நடுவில் ரயில் போய்க்கொண்டிருந்தது. பாணந்துறையில் கடல் பச்சை. அம்பலாங்கொடையில் நீலம். ஹிக்கடுவையில் பச்சையும் நீலமும் சண்டைபிடித்து நுரையாகப் போயின. நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா துஷியின் தலைமயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலை என்கிறார்கள். லிஃப்ட் பழுதான நாட்களில் நான் ஏறுகிற உயரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், கடலோரமாக வந்துகொண்டிருக்கிற தட்டைத் தரை அந்த இடத்தில் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறது. யாரோ கொண்டுவந்து போட்டதுபோல. சுற்றுவட்டாரத்துக்குச் சொந்தமில்லாத ஒரு முழி முழிக்கிறது. சும்மா கதை பிறக்குமா?

கதையைச் சொன்னது எங்களை ஏற்றிப்போன ஓட்டோக்காரர். போரில் மயங்கிக் கிடந்தவரை எழுப்ப அனுமனை மூலிகை கொண்டுவர அனுப்பினார்களாம். இமயம்வரை போனவருக்கு எந்தச் செடி என்பது மறந்துபோயிற்றாம். மலையையே பெயர்த்துக்கொண்டு பறந்தாராம். வருகிற வழியெல்லாம் சிந்தினாராம். ரிட்டிகல ஒரு துண்டு, தொலுகந்த ஒரு துண்டு, மன்னார்ப் பக்கம் தள்ளாடியில் ஒரு துண்டு, காலிக் கடலோரம் இது. அதனால்தான் இங்கே முளைக்கிற செடிகள் வேறெங்கும் இல்லையாம். இன்னொன்றும் சொன்னார். மலைக்குள் ஏதோ காந்தம் இருக்கிறதாம். பக்கத்தில் வருகிற கப்பலின் திசைகாட்டிகூடக் குழம்பிவிடுமாம்.

இவ்வளவையும் சிங்களத்தில், வளைவுகளில் ஒரு கையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நான் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

நியாயமாகப் பார்த்தால் இலங்கையருக்கு அனுமனோடு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. எங்கள் ஊரை எரித்துவிட்டுப் போனவர். பிறகு ஒரு மலையைக் கொண்டுவந்து துண்டு துண்டாகச் சிந்திவிட்டும் போனார். நட்டஈடாக இருக்குமோ?

அக்காவுக்கு அது பிரச்சினையில்லை. அவள் முகம் வெளுத்ததற்குக் காரணம் வேறு.

“டேய், அனுமாரின்ர மலையெண்டு ஏன் நீ முதலே சொல்லேல்லை?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“அவர் பிரம்மச்சாரியடா. பிரம்மச்சாரி போட்ட மலையில போயோ பொம்பிளை பாக்கிறது? அதுவும் உன்னையும் கூட்டிக்கொண்டு.”

நான் கலியாணம் கட்டாதவன். இதைக் குடும்பத்தில் யாரும் நேரடியாகச் சொல்வதில்லை. இப்படித்தான், ஓட்டோ வளைவில் திரும்புகிறபோது சொல்வார்கள்.

அக்கா ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சைவ சமயத்தையும் புரோக்கரையும் மனதுக்குள் ஒரே தராசில் நிறுத்துக்கொண்டிருந்தாள் போலும். உச்சிக்கு வந்தபோது முகம் தெளிந்துவிட்டது. அனுமார்தானே கடல் தாண்டி மோதிரம் கொண்டுபோய்ப் பிரிந்த சோடியைச் சேர்த்துவைத்தவர்… ஆகவே புரோக்கருக்கெல்லாம் அவர்தான் மூத்தவர். கொமிஷனும் வாங்காதவர். மலை பாஸ்.

அந்த மூலிகை விஷயத்துக்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. ஆம்பிளைகளைக் கடைக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும் என்றாள். அத்தானை ஒரு பிடி வல்லாரை வாங்க வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு அனுப்பினால், எது வல்லாரை என்று தெரியாமல் இருக்கிற கீரை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருவார். பெரியவர்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். அத்தான் இதை மறுக்கவில்லை. இடியப்பப் பார்சல் இருந்த பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

உச்சியில் நல்ல காற்று. கீழே காலி விரிகுடா, எதிரே கோட்டையும் வெளிச்சவீடும் — யாரோ கழுவி வெயிலில் காயவைத்த பாத்திரங்கள் மாதிரி. வெள்ளைத் தாதுகோபம். கொஞ்சம் தள்ளி, அண்மைக் காலத்தில் வைத்த ஓர் அனுமன் சிலை. அதற்கு முன்னால்…

அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

ஓர் அப்பா, ஓர் அம்மா, நீலச் சேர்ட்டும் கண்ணாடியும் போட்ட ஒரு மகன். அம்மாவின் கையில் தட்டு. தட்டில் பூ, வாழைப்பழம், வெற்றிலை. அக்காவின் கண் கலங்கிவிட்டது. தற்செயலுக்குத் தட்டோடு வருகிற மாப்பிள்ளை வீட்டாரை அவள் அதுவரை கண்டதில்லை.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இப்படியான நாட்களில் அக்கா மூக்குக்கண்ணாடி போடமாட்டாள். வயது தெரியுமாம். ஆகவே அவள் கண்டது நீலத்தையும் தட்டையும்தான்.

நான் பேச்சைத் தொடங்கவே தேவையிருக்கவில்லை. அந்த அம்மா பையிலிருந்து பெரிய வடைமாலை ஒன்றை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து மாலையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டது. மகன் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டார். அத்தான் இடியப்பப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். துஷி குடையோடு ஓடினாள். மாலை அறுந்தது. வடைகள் மலைச்சரிவில் உருண்டன. அந்தக் காலத்திலும் இந்த மலை இப்படித்தான் சிந்தியிருக்கும்.

குரங்கு பாதியோடு மரத்திலேறிவிட்டது. அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமியே வந்து எடுத்துக்கிச்சு,” என்றார்.

மிஞ்சிய வடைகளை எல்லோருமாகப் பொறுக்கி, கோத்து, துஷியின் குடைக் கம்பியால் சிலையின் கழுத்தில் போட்டோம். மண்படாததை அந்த அம்மா எங்களுக்கும் பங்குவைத்தார். அக்கா என் காதுக்குள், “பாத்தியோ, எவ்வளவு இயல்பாச் செய்யினம். குரங்கைக்கூட ஆயத்தம் பண்ணியிருக்கினம்,” என்றாள்.

பிறகு அக்கா விசாரணையைத் தொடங்கினாள். விதியை மீறாமல். பெயர் கேட்காமல், ஊர் கேட்காமல், வந்த காரணம் கேட்காமல். வெறும் பார்வையாலும் காலநிலையாலும். அந்த அப்பாவுக்கு அண்மையில் இருதய ஒப்பரேஷன் நடந்தது என்றும், பிழைத்தால் அனுமாருக்கு வடைமாலை என்று அந்த அம்மா நேர்ந்துகொண்டார் என்றும் தெரியவந்தது. அக்கா உருகினாள். அத்தானுக்கும் இருதயம் கொஞ்சம் மக்கர் செய்வதால் இரண்டு ஆண்களும் ஒரு கல்லில் உட்கார்ந்து மாத்திரைகளின் நிறங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த அம்மா எங்களைப்போல “ஓம்”, “கதைக்கிறது” என்னாமல் “ஆமா”, “பேசுறது” என்று கதைத்தது என் காதில் உறுத்தியது. மெல்பேர்ண் மாப்பிள்ளையின் ஆட்கள் யாழ்ப்பாணத்தார் என்றல்லவா புரோக்கர் சொல்லியிருந்தார்? மெதுவாக அக்காவிடம் சொன்னேன். ஒஸ்ரேலியாவில் கனகாலம் இருந்தால் பேச்சு மாறத்தான் செய்யும் என்றாள்.

ஆசைப்பட்டவனுக்கு எல்லாமே அத்தாட்சிதான். மலையைத் தூக்கிப் போட்டது யாரென்று ஊர் எப்படி முடிவு செய்தது? இப்படித்தான்.

அக்கா மகனிடம் போனாள். “தம்பி வேலை செய்யிற இடத்தில சரியான குளிரோ?” என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். காலையில் உள்ளே போனால் விரலெல்லாம் மரத்துவிடும், பழகிவிட்டது என்றார். அக்கா பரவசமானாள். மகனையும் மகளையும் வெளிச்சவீட்டைப் பார்க்க அனுப்பிவிட்டு, தான் தாதுகோபத்தைப் பார்த்தபடி பிள்ளையாரைக் கும்பிட்டாள்.

நானும் காற்று வாங்குகிற சாட்டில் அந்தப் பக்கம் போனேன். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு.

“நீங்க சுத்த சைவமா?” என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வீட்டில.”

“வெளியில?”

“ரயிலில இஸ்ஸோ வடை.”

“அந்த இறால்ல பாதி எங்க கடையிலேர்ந்துதான் போகுது.”

துஷி சிரித்தாள். வேலைத்தளத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியபின் சிரிக்கிற மாதிரி, முகம் முழுவதும். அந்தச் சிரிப்பை நான் எந்தக் கோயில் வீதியிலும் கண்டதில்லை. மெல்பேர்ணில் இறால் கடையா என்று எனக்குள் ஒரு திசைகாட்டி மெல்ல ஆடத் தொடங்கியது.

அப்போதுதான் வெள்ளை வான் வந்து நின்றது.

அதிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. குடும்பமா? ஒரு குறிச்சி, அரை ஊர். யாரை விட்டுவிட்டு வருவது என்று தெரியாமல் எல்லோரையும் ஏற்றி வந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே வரிசையில், எங்களுக்கு முதுகு காட்டியபடி கடலைப் பார்த்து நின்றார்கள். யாரும் அப்படிக் கடல் பார்ப்பதில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மாமி மட்டும் தோளுக்கு மேலால் எங்களைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார். நடுவில் ஓர் இளைஞர். கறுப்பு டீசேர்ட். நீட்டிய கம்பு முனையில் போன். கோட்டையைப் படமெடுத்தார், கடலைப் படமெடுத்தார், தாதுகோபத்தைப் படமெடுத்தார். பிறகு எங்களையும் ஒன்று.

அந்தப் படத்தில் என்ன விழுந்திருக்கும்? அந்த அம்மாவின் குங்குமச்சிமிழிலிருந்து அக்கா பொட்டு வைத்துக்கொள்கிறாள். அத்தான் அந்த அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். துஷி ஒரு நீலச் சேர்ட்டோடு நின்று வடை தின்கிறாள்.

துஷி அந்த வரிசையைப் பார்த்தாள். நான் கண்டேன். ஒரு கணம் நன்றாகப் பார்த்தாள். பிறகு நிதானமாக முதுகைக் காட்டித் திரும்பி, இன்னொரு வடை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வான் புறப்பட்டுப் போய்விட்டது.

உடனே அக்காவின் போன் அடித்தது. புரோக்கர். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகம் நிறம் மாறியதைப் பார்த்துக்கொண்டு நானும் இருந்தேன். அவர்கள் வந்தார்களாம். நாங்கள் வேறு ஆட்களோடு சம்பந்தம் கலந்துகொண்டிருந்ததைக் கண்டார்களாம். போய்விட்டார்களாம்.

இதிலுள்ள அழகைக் கவனியுங்கள். அவர்கள் எங்களிடம் கோபப்பட முடியாது. நாங்கள் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. எல்லோரும் அங்கே தற்செயலாக அல்லவா நின்றோம்? வழக்குமில்லை, சாட்சியுமில்லை. வெக்கைதான் நிஜம்.

அக்கா போனை மூடினாள். அதுவரை கேட்கக் கூடாதென்று வைத்திருந்த கேள்வியை, இனி எந்த விதியும் இல்லாத குரலில், நீலச் சேர்ட்டுக்காரரிடம் கேட்டாள். தம்பி யார், எந்த இடம், என்ன செய்கிறார்?

அவர் பெயர் பிரதீப். வீடு கொட்டாஞ்சேனை. பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரம். விரல் மரத்துப்போகிற குளிர், ஐஸ் அறைக் குளிர்.

அக்கா கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் முட்டைகூட வராத குடும்பம். வெள்ளிக்கிழமைகளில் மேல்மாடியில் மீன் பொரித்தால் யன்னலைப் பூட்டுகிறவள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். கடலிலும் மீன்.

பிறகு மெதுவாகத் துஷியைப் பக்கத்தில் அழைத்தாள்.

“உன்ர போனிலயும் அந்தப் படம் கிடக்குது. இது அந்தப் பொடியனில்லை எண்டு உனக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், தெரிஞ்ச மாதிரிக் காட்டக் கூடாது எண்டு.”

அக்கா தோற்றது மகளிடமா, மலையிடமா, தான் கட்டிக் காத்த வழக்கத்திடமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசித் தற்செயல் முடிந்துவிட்டது. இனிப் பெருமூச்சுக்கும் தடை.

இவ்வளவுக்கும் அந்தக் கொட்டாஞ்சேனைக் குடும்பத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ நல்ல மனிதர்கள், வடைமாலையைக் காப்பாற்ற ஓடி வந்தார்கள், அக்காவுக்குத் திடீரென்று தலைசுற்று. அவ்வளவுதான். அந்த அம்மா அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, ரயிலில்தானே போகிறீர்கள், நாங்களும் அதில்தான், சேர்ந்தே போகலாம் என்றார். அக்காவிடம் மறுக்கப் பலமில்லை.

திரும்பும் ரயிலில் சனம். எதிரெதிராக இடம் கிடைத்தது. அக்கா யன்னலோரம், கண்ணை மூடிக்கொண்டு. அத்தானும் அந்த அப்பாவும் மாத்திரையிலிருந்து தேர்தலுக்குப் போய், தேர்தல் இருதயத்துக்குக் கூடாது என்று மீண்டும் மாத்திரைக்கே வந்துவிட்டார்கள். துஷியும் பிரதீப்பும் பேசவே இல்லை. மலையில் அவ்வளவு சிரித்தவர்கள் ரயிலில் ஒரு சொல்லும் பேசவில்லை என்றால் என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியும். நீங்களும் ஒருகாலத்தில் ரயிலில் போனவர்கள்தானே.

அளுத்கமையில் வடைக்காரர் ஏறினார். கடுதாசிச் சுருளில், முழு இறாலும் மீசையோடு மேலே படுத்திருக்கிற இஸ்ஸோ வடை. துஷி வாங்கினாள். எல்லோருக்கும் நீட்டினாள். பிறகு, பெற்ற தாய்க்கு எதிரில் உட்கார்ந்து, முதல் தடவையாக ஒளிக்காமல், மொறுமொறு என்று கடித்தாள்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது.

பாணந்துறைப் பாலம் தாண்டும்போது துஷி என் பக்கம் சாய்ந்தாள்.

“மாமா, அம்மா சத்தியத்தைக் காப்பாத்துவாவோ?”

“பிள்ளையார் சத்தியம். உயிர் போனாலும் காப்பாத்துவா.”

“அதுதான் மாமா பிரச்சினை,” என்றாள்.

சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். கடல் இப்போது வெள்ளித் தகடாகக் கிடந்தது. சூரியன் அதில் வழுக்கிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

அக்கா அப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். காதை எப்படி மூடுவது?

தெகிவளை வந்தது. தெகிவளை போனது. வெள்ளவத்தை. நாங்கள் இறங்க வேண்டிய இடம். அவர்களுக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்வரை பயணம். நின்ற ரயிலின் யன்னல் வழியாக அந்த அம்மா ஒரு பார்சலைக் கொடுத்தார். சாமிக்குப் படைத்த வடை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். நன்றி சொன்னாள். ஏனோ யன்னலைவிட்டு நகரவில்லை.

விசில் அடித்தது. துஷி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரதீப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓர் இழுப்பு இழுத்து அசைந்தது. அக்கா வண்டியோடு கூடவே நடந்தாள். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேகமாக. யன்னலுக்குள் குனிந்து அந்த அம்மாவிடம் கேட்டாள்:

“நீங்கள் சனிக்கிழமையில வழக்கமா எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?”